ஏஜினா பவுலோட 7 புக்கையும் எப்படி படிக்கிறது (வரிசையா படிக்காதீங்க)

ஏஜினா பவுல்ங்கறவரு பழைய கிரேக்க வைத்தியரு, அவரு எழுதின வைத்திய தொகுப்புதான் இந்த 7 புக்கு. படிக்கிறதுல நான் பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க. 1வது புக்கு 1வது அத்தியாயத்துலருந்து ஆரம்பிச்சேன், கர்ப்பிணிக்கு வர்ற தொந்தரவு, பத்தியம்னு போச்சு, 2வது புக்கு பூரா காய்ச்சல், ஒரே வாரத்துல மூடி வச்சிட்டேன்.

7ஆம் நூற்றாண்டுல எகிப்துல இருக்கிற அலெக்சாந்திரியால வைத்தியம் பார்த்தவரு பவுல், சொந்த ஊரு ஏதென்ஸ் பக்கத்துல ஏஜினா தீவு. முதல்ல அவரோட முன்னுரைய படிங்க, ரெண்டு மூணு பக்கம்தான். வக்கீலுங்க சட்டத்தை சுருக்கி கையோட வச்சிருக்காங்க, ஆனா கடல் நடுவுலயும் ஆளில்லாத இடத்துலயும் திடீர்னு நோயாளிய பார்க்க வேண்டிய டாக்டர்கிட்ட அப்படி ஒண்ணு இல்லையேங்கறாரு. அவருக்கு முன்னாடி, ரோம சக்கரவர்த்தி ஜூலியனோட டாக்டர் ஒரிபாசியஸ் பழைய வைத்தியர்களை எல்லாம் தொகுத்தது எழுபது புக்கு சொச்சம், அதை யாரு தூக்கிட்டு போறது? அதனாலதான் பவுல் 7 புக்கா சுருக்கினாரு. பழைய ஆளுங்க எதையும் விட்டுட்டாங்கன்னு நான் எழுதலைன்னும் பவுலே சொல்லிடறாரு, அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிக்கும்.

கிரேக்கம் தெரியலன்னா பரவால்ல. ஸ்காட்லாந்துல பாங்கரிங்கற சின்ன ஊர்ல டாக்டரா இருந்த பிரான்சிஸ் ஆடம்ஸ் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தது 1844லருந்து 1847 வரை 3 வால்யூமா வந்துச்சு, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஃப்ரீயா கிடைக்குது.

முன்னுரை முடிச்சதும் நேரா 2வது வால்யூம், 6வது புக்கு, அதாவது ஆபரேஷன். அதுல தொண்டைய திறக்கிற அத்தியாயத்தை எடுங்க. தலைய பின்னால சாய்க்கணும், மூச்சுக்குழாய்ல 3வது 4வது வளையம் பக்கத்துல, குருத்தெலும்புல கத்தி படாம நடுவுல இருக்கிற சவ்வை மட்டும் குறுக்கா வெட்டணும், காத்து உஸ்ஸுனு வெளிய வந்து குரல் நின்னுச்சுன்னா குழாய் திறந்துடுச்சுன்னு அர்த்தம். மூச்சு திணறல் போனதும் காயத்தோட ஓரத்தை லேசா சீவி புதுசாக்கி தோலை மட்டும் தைக்கணும்.

இங்க கொஞ்சம் நில்லுங்க. இதெல்லாம் தனக்கு முன்னாடி இருந்த அன்டில்லஸ்ங்கற கிரேக்க அறுவை வைத்தியர் சொன்னதுன்னு, பவுல் அவரு பேரை போட்டே எழுதுறாரு. அன்டில்லஸோட சொந்த புக்கு ஒண்ணு கூட முழுசா இப்ப கிடையாது, இந்த மாதிரி மத்தவங்க எடுத்து வச்ச துண்டுங்கதான் மிச்சம். அதனால படிக்கும்போது ஒரு நோட்டு வச்சு, எந்த பேரு வருதோ குறிச்சிக்கோங்க. பழைய கிரேக்க வைத்தியர் கேலன் பேரு வந்தா அவரோட மூலத்தையே தேடிப் பிடிச்சு ஒப்பிட்டுப் பார்க்கலாம், நிறையவே தப்பிச்சிருக்கு. அன்டில்லஸ் மாதிரி பேரு வந்தா ரெண்டு தடவை படிங்க, உங்க கையில இருக்கிறதே அவ்வளவுதான்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கு கீழயும் ஆடம்ஸ் போட்ட கமெண்டரிய தாண்டிடாதீங்க, இதே விஷயத்தை மத்த கிரேக்கருங்களும் அரபு வைத்தியர்களும் என்ன சொன்னாங்கன்னு அங்க இருக்கு. பாக்தாதுல 9ஆம் நூற்றாண்டுல ஹுனைன் இப்னு இஸ்ஹாக் பவுலை அரபிக்கு கொண்டுபோனாரு, ஸ்பெயின்ல கோர்டோபா பக்கம் இருந்த வைத்தியர் அல் சஹ்ராவி தன்னோட வைத்திய புக்குல ஆபரேஷன் பகுதிக்கு இந்த 6வது புக்குலருந்துதான் நிறைய எடுத்தாரு.

நோய் பேரை மட்டும் அப்படியே நம்பாதீங்க, அது 1840கள்ல ஒரு டாக்டருக்கு தோணின இங்கிலீஷ் பேரு, இன்னிக்கு ஸ்கேன் ரிப்போர்ட்ல வர்ற பேரோட முடிச்சு போட்டா குழப்பம்தான்.

7வது புக்கு மருந்து சரக்கு, புரட்டினா போதும். மிளகை மட்டும் தேடிப் பாருங்க, கிரேக்கத்துல பெபெரி, நம்ம பக்கத்து பிப்பலிங்கற (திப்பிலி) பேருதான் கப்பலேறி அப்படி ஆச்சு.