நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஏறிய எடை: என் அனுபவம்

நுவரெலியாவில் இருந்து லபுக்கலை வழியாக றம்பொடைப் பக்கம் ஓடி இறங்கிய மறுநாள் காலை, தராசு ஏறக்குறைய 2 கிலோ கூடுதலாகக் காட்டியது. அடுத்த நாளும் குறையவில்லை.

முதலில் தராசின் பற்றரியை மாற்றினேன். பிரிக்காத அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன், எடை சரி. அப்புறம் இரவுச் சோற்றைக் குறைத்தேன், தண்ணீரையும் குறைத்தேன். கால் வலி கூடியதுதான் மிச்சம்.

துப்புக் கொடுத்தது சொக்ஸ் தடம். கணுக்காலுக்கு மேல் பள்ளமாக விழுந்த கோடு இரவு வரை மறையவில்லை. ஓட்டக் குறிப்பேட்டைப் புரட்டினால், இதே தூரத்தை மேடேறி ஓடிய வாரங்களில் எடை இப்படி ஏறவேயில்லை. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டபடியே உடலைத் தாங்குகிறது. அதில் நுண்ணிய கிழிசல்கள் விழும்; அவை ஆறும்வரை அங்கே நீர் சேரும். அத்தோடு, ஓடியபின் சாப்பிடும் மாச்சத்து கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகத் தசையில் சேரும்போது, 1 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, ஏறியது கொழுப்பே இல்லை.

சரி என்று பட்டினியை விட்டேன். வழக்கமான சோறு, பருப்பு, தாகத்துக்குத் தண்ணீர், தோட்டத்துப் பாதையில் மெதுவான நடை, நல்ல தூக்கம். வார இறுதிக்குள் எடை பழைய இடத்துக்கு வந்தது, சொக்ஸ் தடமும் போனது. பெரிய நிம்மதி. இப்போது இறக்க ஓட்டத்துக்குப் பிறகு வலி அடங்கும்வரை தராசைத் தொடுவதில்லை.

சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ கதை வேறு. அன்றே டொக்டரிடம் போங்கள்.