‘பாஸ் அவுட்’ ஆனீர்களா, மயங்கி விழுந்தீர்களா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நர்சிங் முடித்துவிட்டு யூகே, அயர்லாந்து என்று கிளம்பும் பிள்ளைகள் ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைகளுக்காக இலக்கணத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். காலை வாருவது பெரும்பாலும் ‘பாஸ்’ மாதிரிச் சின்னச் சொல்தான். நமக்கு பாஸ் என்றால் பரீட்சையில் தேறுவது. இல்லாவிட்டால் பஸ் பாஸ். ஆங்கிலத்திலோ அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல் பொருளையே புரட்டிவிடும்.

"2021-ல் பாஸ் அவுட் ஆனேன்" என்று நேர்காணலில் சொன்னால், கேட்கிற வெள்ளைக்காரருக்கு நீங்கள் மயங்கி விழுந்த கதை போலத்தான் இருக்கும். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு அங்கேயும் ‘பாஸிங் அவுட் பரேடு’ உண்டு. மற்றவர்கள் ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுவது நல்லது. நேர்காணலில் இது சிரிப்போடு போய்விடும், வார்டில் போகாது. ‘பாஸ்டு அவுட்’ மயக்கம், ‘பாஸ்டு அவே’ மரணம். நோயாளியின் மகளுக்கு போனில் இதை மாற்றிச் சொன்னால் என்னாகும்? ‘பாஸ்டு ஆன்’ இன்னும் வம்பு: தகவலை என்றால் அடுத்தவரிடம் சொல்லியாயிற்று, ஆளைப் பற்றி என்றால் இறந்துவிட்டார். அமெரிக்கர்கள் வெறும் ‘ஹீ பாஸ்டு’ என்றே சாவைச் சொல்வதுண்டு, அவசரப்பட்டு வாழ்த்திவிடாதீர்கள்.

"ஐ காண்ட் பாஸ் வாட்டர்" என்று நோயாளி முனகினால், குடிக்க வெள்ளம் கேட்கிறார் என்று டம்ளரோடு ஓடக் கூடாது. சிறுநீர் பிரியவில்லை என்கிறார். ‘பாஸ் விண்ட்’ என்றால் குசு விடுவது. வயிற்று ஆபரேஷன் முடிந்தவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் ஆரல்வாய்மொழிக் கணவாயும் ஆங்கிலத்தில் ‘பாஸ்’தான், அதன் வழியே வரும் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. ஊர்ப் பெருமை பேசும் வேகத்தில் ‘த்ரூ’வை விழுங்கி, "ஆரல்வாய்மொழி பாஸஸ் விண்ட்" என்றுவிட்டால் மலையின் மானம் போச்சு.

சாயா நீட்டும்போது ஒருவர் "ஐல் பாஸ்" என்றால், எனக்கு வேண்டாம் என்று பொருள். வாய்ப்பை ‘பாஸ் அப்’ செய்வது அதைக் கை நழுவ விடுவது. ‘அப்’ இருக்கிறதே என்று உயர்வாக நினைக்க வேண்டாம். ‘பாஸ் தி பக்’ என்பது பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது. போக்கர் சீட்டாட்டத்தில், சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டக் கைமாறிய அடையாளப் பொருள்தான் அந்த ‘பக்’ என்பார்கள்.

இவையெல்லாம் கேட்டால் புரிந்தால் போதும். நோயாளியைப் பற்றிய கடிதத்தில் இறந்தவரை ‘டைடு’ என்றும், மயங்கியவரை ‘ஃபெயின்டட்’ என்றும் நேராகவே எழுதுங்கள்.