பினோவில் லாக் அளவைக் குறைக்கும்போது நேரும் தவறுகள்

மொரீஷியஸின் எபேனில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நோட்.ஜேஎஸ் சேவைகளில் லாக், அதாவது நிரல் ஓடும்போது நடப்பதைப் பதியும் செய்திகள், எழுத உதவும் நூலகமான பினோவைக் கையாளும்போது, ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கோளாறு தேட நுணுக்கமான செய்திகளையும் எழுதும் டீபக் நிலையை அணைக்க மறப்பதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தெரிந்ததுதான். அணைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

தாயை அடக்கினால் சேயும் அடங்கும் என்று நம்புவது

பினோவில் டிரேஸ் 10, டீபக் 20, இன்ஃபோ 30, வார்ன் 40, எரர் 50, ஃபேட்டல் 60 என நிலைகளுக்கு எண்கள் உண்டு. செய்திகளை எழுதும் பொருளான லாகருக்கு விதித்த எண்ணுக்குக் கீழே வரும் செய்தி எழுதப்படாது. ஆனால் ஒரு தாய் லாகரிலிருந்து உருவாக்கும் சேய் லாகர், தான் உருவாகும் நேரத்தில் தாய் லாகருக்கு இருந்த நிலையை எடுத்துக்கொண்டு, பிறகு தாயின் நிலையை எப்படி மாற்றினாலும் பழையதிலேயே நிற்கும் என்பதை நான் அறிந்துகொள்வதற்குள் ஒரு தைப்பூசமே பாழாயிற்று.

விடுதி முன்பதிவுச் சேவை ஒன்றில் கோளாறு தேடுவதற்காக, அதை டீபக் நிலையில் தொடங்கியிருந்தேன். கோளாறு வாடிக்கையாளர் தந்த விலைப்பட்டியலில் இருந்தது தெரிந்ததும், முன்பதிவுகள் நடக்கும் நேரத்தில் சேவையை நிறுத்தித் தொடங்க மனமில்லாமல், நிலையை மாற்றுவதற்கென்றே வைத்திருந்த உள் முகவரி வழியாகத் தாய் லாகரை இன்ஃபோவுக்கு உயர்த்தினேன். நிலை என்னவென்று கேட்டதற்கு இன்ஃபோ என்றே விடை வந்தது. கோரிக்கைதோறும் புதிதாக உருவாகும் சேய்கள் புதிய நிலையை ஏற்றதால் திரையும் அடங்கியது. என்னை ஏமாற்றியது அந்த அமைதிதான். இரவில் மட்டும் ஓடும் அறை இருப்பு ஒத்திசைவுக்கான சேயோ சேவை தொடங்கியபோதே உருவானது. விடிய விடிய ஒவ்வோர் அறையின் முழு விவரத்தையும் அது எழுதித் தள்ளியிருக்கிறது. மறுநாள் காத்ர் போர்ன் மலைக்கோயிலில் பாற்குடத்துடன் வரிசையில் நின்றவனுக்கு, வட்டில் இடமில்லை என்று தொலைபேசி வந்தது.

இப்போது தொகுதிகளுக்கான சேய்களை ஒரே செயற்கூறு வழியாக உருவாக்கி, ஒரு பட்டியலில் வைத்து, நிலை மாறும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விதிக்கிறோம். கோரிக்கைச் சேய்களை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் அவை விடுபடாமல் நினைவகத்தை நிரப்பிவிடும்.

எழுதாத வரிக்குச் செலவில்லை என்று எண்ணுவது

டீபக் அணைந்திருந்தாலும், அந்த லாக் வரிக்குள் இடும் மதிப்பை ஜாவாஸ்கிரிப்ட் முன்கூட்டியே கணக்கிட்டுவிடும். பெரிய பொருளை ஜேசன் சரமாக்கித் தராமல் அப்படியே தாருங்கள். கணக்கீடு தவிர்க்க முடியாததானால், அந்த நிலை இயங்குகிறதா என்று இஸ்லெவல்எனேபிள்டு என்ற பினோ செயற்கூறு மூலம் முதலில் கேளுங்கள்.

கோப்புக்கு மட்டும் டீபக் என்று விதிப்பது

லாகர் தன் இயல்பான இன்ஃபோவிலேயே இருந்தால், கோப்புக்கு டீபக் வந்தே சேராது.

இடையிடையே கன்சோல்.லாக்

அது பினோ வழியாகச் செல்லாமல் நேரே எழுதுவதால் எந்த நிலைக்கும் கட்டுப்படாது. அழித்துவிடுங்கள்.