காலையில் மட்டும் நின்றுபோன தோட்டத்து ரயில்

தோட்டத்தில் மாடல் ரயிலுக்கு 45 மி.மீ. அகலத்தில் பித்தளைத் தண்டவாளம் போட்டிருக்கிறேன், அதன் வழியாகத்தான் இன்ஜினுக்கு மின்சாரம் போகும். காலையில் ஓட்டினால் கொய்யா மரத்தடி வளைவில் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிடும், மதியம் அதே இடத்தில் ஜோராக ஓடும். பனி ஈரம்தான் என்று தண்டவாளத்தைத் துடைத்தேன், சக்கரங்களைச் சுரண்டினேன், தடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கண்ட்ரோலரைக்கூட மாற்றிப் பார்த்தேன், நாலு நாள் போச்சு. மல்டிமீட்டர் வேறு 18 வோல்ட் காட்டி ஏமாற்றியது. இன்ஜின் ஓடாத வெறும் தடத்தில் அளந்தால் அப்படித்தான் காட்டும்! இன்ஜின் வளைவில் திணறும்போதே அளந்தேன், 9 வோல்ட். இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஒரு ஜாயினருக்குள் (உலோக இணைப்புக்குள்) பச்சைக் களிம்பு. வெயிலில் தண்டவாளம் நீண்டு இறுகினால் தொடர்பு கிடைக்கிறது, குளிரில் சுருங்கினால் போய்விடுகிறது. சுத்தம் செய்து, இரண்டு தண்டவாளத் துண்டுகளையும் இணைத்து ஒரு கம்பியைச் சால்டர் வைத்தேன். கம்பி கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும், விறைப்பாக வைத்தால் தண்டவாளம் சுருங்கும்போது சால்டர் பிய்ந்துவிடும்.