வேலை, சொந்தப் பிள்ளை, கூடவே வளர்ப்புப் பராமரிப்பு: தொடங்குவது எப்படி?

பெற்ற வீட்டில் இருக்க முடியாத குழந்தையைச் சில காலம் நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் வளர்ப்புப் பராமரிப்பு. படிவம், மருத்துவச் சான்று, காவல்துறை சரிபார்ப்பு எல்லாவற்றையும் குழந்தைகள் நல அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இது தத்தெடுப்பு இல்லை. பெற்ற வீட்டு நிலைமை சரியானால் குழந்தை அங்கே திரும்பிவிடும்.

படி 1: எந்த வகை?

அவசரம், குறுகிய காலம், நீண்ட காலம், ஓய்வுப் பராமரிப்பு என்று பல வகை உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வுப் பராமரிப்பில் தொடங்குங்கள். வேறொரு வளர்ப்புக் குடும்பம் மூச்சுவிட்டுக்கொள்ள, அவர்களிடம் இருக்கும் குழந்தை சனி, ஞாயிறு உங்களோடு இருக்கும். நாங்கள் எட்டு மாதம் அப்படித்தான் பழகினோம்.

வரும் குழந்தை உங்கள் பிள்ளையைவிடச் சின்னதாக இருப்பது நல்லது. அண்ணன் தம்பி, அக்கா தங்கையாக இருவரை ஏற்பீர்களா என்றும் அலுவலகத்தில் உங்களைக் கேட்கலாம். கூடியவரை உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பது 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெறிமுறையிலேயே இருக்கிறது. பதிலை முன்பே வீட்டில் பேசி வையுங்கள்.

படி 2: வார அட்டவணை

நான் இடறியது இங்கேதான். வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர், "செவ்வாய்க்கிழமை 11 மணிக்குப் பள்ளியிலிருந்து கூப்பிட்டால் யார் போவீர்கள்?" என்று கேட்டார். "சமாளித்துக்கொள்வேன்" என்றேன். அவர் எதுவும் எழுதவில்லை. எங்கள் கோப்பு மூன்று மாதம் அப்படியே நின்றது.

அவருக்கு வேண்டியது ஒரு பெயர். அதனால் திங்கள் முதல் ஞாயிறு வரை மணிவாரியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். குழந்தையை அதன் பெற்றோரைச் சந்திக்க வைப்பது, மருத்துவர், குழந்தையின் நிலைமையைப் பேசும் ஆய்வுக் கூட்டம் எல்லாம் பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் வரும். அவற்றுக்கும் கட்டம் வேண்டும். உங்களுக்குப் பதிலாக வரக்கூடிய இரண்டு பெரியவர்களை முன்பே சொல்லிவிடுங்கள். அவர்களையும் சரிபார்க்கச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனது. மேலாளரிடமும் விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

செயலியெல்லாம் வேண்டாம். சுவரில் ஒரு பெரிய தாள் போதும். பிள்ளைகளும் அதைப் பார்க்கலாம்.

படி 3: உங்கள் பிள்ளை

"உனக்குச் சம்மதமா?" என்று ஒருமுறை கேட்டால் போதாது. சம்மதம் என்று சொன்ன என் மகள், பத்து நாள் கழித்து இருட்டில் கேட்டாள்: "நான் சேட்டை பண்ணினா என்னையும் வேற வீட்டுக்கு அனுப்பிடுவீங்களாம்மா?"

பிள்ளைகளுக்கு இந்தப் பயம் வரும். அதை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். அந்தக் குழந்தை தப்புச் செய்து வரவில்லை, பெரியவர்கள் பக்கத்துக் கஷ்டத்தால் வருகிறது என்று விளக்குங்கள். வேறு யாரும் தொடாத ஓர் அலமாரித் தட்டும், வாரத்தில் உங்களோடு தனியாக ஒரு மணி நேரமும் உங்கள் பிள்ளைக்கென்றே இருக்கட்டும்.

படி 4: முதல் நாட்கள்

1960-களின் கடைசியில் லண்டனில், தாயைப் பிரியும் சிறு குழந்தைகளை ஆராய்ந்த ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதி, தாய்மார் பிரசவத்துக்கு மருத்துவமனையில் இருந்தபோது நான்கு சிறு குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையின் பழக்கங்களைத் தாயிடமே கேட்டறிந்தார்கள்; அம்மாவின் படத்தையும் வீட்டுப் பொம்மைகளையும் பக்கத்தில் வைத்தார்கள். இன்றைக்கும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. கூட வந்த போர்வையைத் துவைத்துவிடாதீர்கள். அதில் வீட்டு வாசனை இருக்கும்.

தினசரிக் குறிப்பைத் தைத்த நோட்டில் எழுதுங்கள்; கைபேசியில் எழுதினால் கைதவறி எங்காவது போய்விடும். "பிடிவாதம் பிடித்தான்" என்று எழுதாதீர்கள். "8.40-க்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். இருபது நிமிடம் மேசைக்கு அடியில் இருந்தான். விளக்கைக் குறைத்ததும் வெளியே வந்தான்" என்று எழுதுங்கள். குழந்தையைப் பற்றி முடிவெடுக்கிறவர்களுக்கு இதுதான் உதவும்.

பிற்சேர்க்கை: குழந்தை திரும்பிப் போகும்போது சொந்தப் பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அழட்டும். போகும் தேதியை முன்கூட்டியே சொல்லி, சுவர்த்தாளில் குறித்து வையுங்கள். என் மகள் தன் அலமாரித் தட்டிலிருந்து ஒரு கார் பொம்மையை எடுத்து, திரும்பிப் போன பையனின் பையில் வைத்தாள். அடுத்த குழந்தைக்குச் சம்மதம் சொல்லும் முன் நாங்கள் ஆறு வாரம் இடைவெளி எடுத்துக்கொண்டோம். குழந்தைகள் நல அலுவலகத்திலும் அதை மறுக்கவில்லை, கேட்டால் கொடுப்பார்கள்.