மாலத்தீவில் பெரியவர்களுக்கு மட்டுமான ரிசார்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவுப் பயணங்களை ஏற்பாடு செய்துதரும் தொழிலில் இருப்பதால், பணத்தைக் கட்டி முடித்துவிட்டு "ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று பலர் தங்கள் முன்பதிவு விவரங்களை அனுப்புவது வழக்கம். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள்தான் அவற்றிலும் தென்படுகின்றன. பாஸ்போர்ட் காலாவதி, சன்ஸ்கிரீன் போன்ற எல்லோரும் சொல்லும் சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

விமான நேரத்தைப் பார்க்காமல் தீவைத் தேர்ந்தெடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். வேலானா சர்வதேச விமான நிலையத்திலிருந்து அருகிலுள்ள தீவுகளுக்கு ஸ்பீட்போட்டில் எந்நேரமும் போய்விடலாம். தொலைவிலுள்ள தீவுகள் பலவற்றுக்கு, தண்ணீரில் இறங்கி ஏறும் சிறு விமானமான சீப்ளேன்தான் வழி, அதுவோ பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் தரையிறங்குபவருக்கு அன்றைக்கே இடம் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

என்னிடம் வந்த ஒரு தம்பதியர், டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக மாலை ஐந்தரைக்கு இறங்கும் விமானத்தையும், காலை எட்டு மணிக்குப் புறப்படும் திரும்பு விமானத்தையும் எடுத்துவிட்டு, வடக்கே தள்ளியிருந்த ஒரு தீவில் நான்கு இரவுகளுக்கு முழுப் பணத்தையும் கட்டியிருந்தனர். முதல் இரவை அவர்கள் விமான நிலையத்தை அடுத்துள்ள ஹுல்ஹுமாலேயில் தனியாக அறை எடுத்துக் கழிக்க வேண்டியிருந்தது. காலை எட்டு மணி விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் முதல் நாள் பிற்பகலிலேயே தீவை விட்டுக் கிளம்பியாக வேண்டும் என்பதால் கடைசி இரவும் போயிற்று. நான்கு இரவுகளுக்குப் பணம் கட்டியவர்கள் ரிசார்ட்டில் தூங்கியது இரண்டே இரவுகள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. இரண்டு டிக்கெட்டுகளையும் அறையையும் சேர்த்து விற்ற முகவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

போதாக்குறைக்கு, அவர்கள் கட்டிய தொகையில் சீப்ளேன் கட்டணம் சேரவில்லை. பல தீவுகளுக்குப் போகவர ஒருவருக்கு 400 முதல் 600 டாலர் வரை ஆகிறது. சீப்ளேனை ரிசார்ட்தான் பதிவு செய்யும். புறப்படும் நேரம் பெரும்பாலும் முந்தைய நாள் மாலையில்தான் தெரியவரும். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பதே வழக்கமான வரம்பு. கவுன்ட்டரில் கைப்பையையும் தராசில் ஏற்றச் சொல்வார்கள். எனவே விமான நேரத்தை முதலில் உறுதிசெய்யுங்கள். இரவில் இறங்குவதானால் வடக்கு மாலே, தெற்கு மாலே பவளத்தீவுகளில் ஸ்பீட்போட் எட்டும் ரிசார்ட்டுகளை மட்டும் பாருங்கள்.

வயது வரம்பைக் கேட்காமல் விடுவது

குறைந்தபட்ச வயது சில இடங்களில் 18, சில இடங்களில் 15 அல்லது 16. தீவு முழுவதுக்குமா, ஒரு நீச்சல் குளத்துக்கு மட்டுமா என்றும் கேளுங்கள்.

ஆல் இன்க்ளூசிவ் திட்டத்தின் பட்டியலை வாங்கிப் படிக்காதது

உணவும் பானமும் அறை விலையிலேயே அடங்கும் இந்தத் திட்டத்துக்கு ஒரே ரிசார்ட்டில் இரண்டு மூன்று படிநிலைகள் இருக்கும். கீழ்ப்படியில் பஃபே உணவகமும் சாதாரண ஒயினும் கிடைக்கலாம். கடல்மேல் அமைந்த சிறப்பு உணவகத்துக்கோ, அறையின் மினிபாருக்கோ தனிப் பில் வரலாம். அறையைக் காலி செய்யும் மதியத்தோடு திட்டம் முடிகிறதா, சீப்ளேன் வரும் வரை நீடிக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விலையில் வரிகள் அடங்குமா என்பது அடுத்த கேள்வி: ரிசார்ட்டுகளில் பசுமை வரி 2025 ஜனவரி முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 டாலர், சுற்றுலா ஜி.எஸ்.டி. 2025 ஜூலை முதல் 17 சதவீதம். இவற்றோடு வழக்கமாக 10 சதவீதச் சேவைக் கட்டணமும் உண்டு.

டியூட்டி ஃப்ரீ மது வாங்கிச் செல்வது

வேண்டாம். சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

படத்தை நம்பிக் கடலை முடிவுசெய்வது

படத்தில் பளிங்காகத் தெரியும் அகன்ற லகூனில் (தீவைச் சுற்றிய ஆழமற்ற கடல்) பெரும்பாலும் வெறும் மணல்தான் இருக்கும். மீன் பார்க்க ஆசைப்படுபவர்கள், அறையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் பவளப்பாறை விளிம்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 1998, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியதால் பவளங்கள் பரவலாக வெளிறிப்போயின. ஆகவே பழைய விளம்பரப் படத்தை ஒதுக்கிவிட்டு, அண்மையில் தங்கியவர்கள் நீருக்கடியில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதால், அம்மாதங்களில் போவதானால் எந்தப் பக்கத்து அறைகளில் அலை குறைவு என்று ரிசார்ட்டிடமே கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.