மலையில் குழந்தைகளோடு மலிவு அறை: பகலில் தெரியாத தவறுகள்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருட்டிய பிறகு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக இடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பூங்காவும் படகுத்துறையும் மாலையோடு மூடிவிடும். சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு அறைக்குள் நுழைந்தால் மறுநாள் வெயில் வரும்வரை அங்கேதான். ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ அப்படி இல்லை. கடலோர ஊரில் மலிவான லாட்ஜோ ஹாஸ்டலோ எடுத்தால் அது பை வைக்கவும் தலை சாய்க்கவும்தான். மின்விசிறி ஓடினால் போதும், பிள்ளைகள் பாதி நாள் மணலில் கிடப்பார்கள். அதே கணக்கோடு மலை ஏறுகிறவர்கள்தான் இங்கே வந்து அவதிப்படுகிறார்கள். மலையில் அறை என்பது ராத்திரிக்கு. வாடகை குறைவாக இருப்பதில் தப்பே இல்லை. ராத்திரிக்காக எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்காமல் விடுவதுதான் தப்பு.

போனில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "அண்ணே, ரூம்லருந்து வியூ தெரியுமா?" "சூப்பரா தெரியும் சார்." "ரேட்டு கொஞ்சம் பார்த்துப் போடுங்க." அவ்வளவுதான், பணம் அனுப்பியாயிற்று. மூடுபனி இறங்கிவிட்டால் எந்த வியூவும் கிடையாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சுடுதண்ணி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வரும்? கெய்சர் கரண்டிலா, கேஸிலா? கம்பளி ஆளுக்கு ஒன்றா, கட்டிலுக்கு ஒன்றா? வண்டி வாசல்வரை வருமா, படி இறங்க வேண்டுமா? செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணியா? இதற்கெல்லாம் மழுப்பாமல் பதில் சொல்கிற ஆள் இருக்கும் இடத்தில் சுவரில் பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் தைரியமாகத் தங்கலாம்.

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்தால் ஊட்டியில் விடிகாலையில் இறக்கிவிடுவார்கள். குழந்தை அரைக்கைச் சட்டையில் தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்வெட்டரும் குல்லாவும் பெரிய பெட்டிக்குள், பெட்டி பஸ்ஸின் டிக்கியில். மே மாதத்திலேயே அந்நேரத்துக்குக் குளிர் 10, 12 டிகிரியில் இருக்கும். ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். லாட்ஜுக்குப் போனால் "ரூம் பன்னிரண்டு மணிக்குத்தான் சார் காலியாகும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, உள்ளே ஆள் இருக்கிறது. 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜ் என்றால் விடிகாலையில் வருவதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இல்லாவிட்டால் வேறு வழி: நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து, காலை 7.10 மலை ரயிலில் ஏறுவது. 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க அதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். ஊட்டியில் இறங்கும்போது அறையும் தயாராக இருக்கும், பிள்ளைகளுக்குப் பாதி சுற்றுலா அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கோடை விடுமுறையில் அந்த டிக்கெட்டுக்கு அடிதடி. முன்பதிவு திறந்தவுடனே போட்டு வைத்தால்தான் உண்டு.

எப்படி வந்தாலும் ஆளுக்கொரு ஸ்வெட்டரும் குல்லாவும் கையோடு கொண்டுவரும் பையில் இருக்கட்டும். மலைப்பாதை தொடங்கும் முன் பிள்ளைகளுக்கு வயிறு முட்டப் பால் கொடுப்பதையும் தவிர்க்கலாம். ஏன் என்பது பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியும்.

அடுத்தது இடம். "டவுனிலிருந்து மூணே கிலோமீட்டர்" என்பது சமவெளி ஆட்களுக்குச் சொல்லும் கணக்கு. மலையில் மூன்று கிலோமீட்டர் என்றால் இரண்டு இறக்கம், ஒரு ஏற்றம், இருட்டில் ஆட்டோ கிடைக்காத ஒரு வளைவு. வாடகையில் மிச்சம் பிடித்த காசு காலையும் மாலையும் வண்டிக்காரருக்குப் போய்விடும். கொடைக்கானலில் வட்டக்கானல், மன்னவனூர் பக்கம் படங்களில் அழகாக இருக்கும். வட்டக்கானலில் சில வீடுகளுக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்கித்தான் போக வேண்டும். மன்னவனூர், கொடைக்கானல் டவுனிலிருந்து 35 கிலோமீட்டர் சுமாருக்கு. இளவட்டங்களுக்கு அது சரி. நடு ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் அங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஊட்டியை விட்டுவிட்டுக் குன்னூரில் தங்கினால் என்ன என்றும் கேட்பேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. அந்த வித்தியாசத்திலேயே குளிர் இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும், ஊட்டிக்கு அடிக்கடி பஸ்ஸும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மட்டும் குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பிடிக்கும், மண் சரியும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கும் அதே மாதங்கள்தான் மழைக்காலம்.

ஹாஸ்டல் என்ற பெயரில் அடுக்குக் கட்டில் போட்டிருக்கும் இடங்கள் இப்போது இரண்டு மலையிலும் இருக்கின்றன. பொதுக்கூடத்தில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. குடும்பத்துக்குத் தனியறைதான் தருவார்கள். வாசலில் வந்து நின்று இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். தனியறையிலும் மேல் கட்டில் இருந்தால் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அதில் படுக்கவைக்கக் கூடாது, அது எவ்வளவு அடம்பிடித்தாலும். அப்புறம், படுக்கைக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் விலையை நாலால் பெருக்கிப் பாருங்கள். பக்கத்து லாட்ஜில் நாலு பேருக்கான அறை அதைவிடக் குறைவாக வந்தாலும் ஆச்சரியமில்லை.

அறைக்குள் போனதும் டிவியைப் போட்டுப் பார்க்கிறோம். முதலில் மெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால், அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் தெரிந்தால், வேறு அறை கேளுங்கள். வீசிங் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு ராத்திரி போதும். வீட்டிலிருந்து இரண்டு பெட்ஷீட் கொண்டுவந்து கம்பளிக்கு அடியில் போட்டுக்கொண்டால் அரிப்பும் இருக்காது, யார் போர்த்திய கம்பளியோ என்ற கவலையும் இருக்காது.

இனி சொல்லப்போவதுதான் முக்கியமானது. மற்ற தவறுகளுக்கு ஒரு நாள் தூக்கம் கெடும், கொஞ்சம் காசு போகும். இது உயிரோடு விளையாடுவது. குளிருக்காக அறைக்குள் கரி அடுப்போ தணல் சட்டியோ வைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். "புகையே வரலையே, வெறும் கங்குதானே" என்பார்கள். புகை வராத கங்கில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் யாரும் எழுந்து ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். மூடிய அறையில் கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள், அவர்களுக்குத்தான் முதலில் ஏறும். 2024-இல் கொடைக்கானல் அருகே பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. நீலகிரியிலும் பனிக்காலத்தில் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன.

கேஸ் கெய்சரும் இதே வகைதான். மலிவான அறைகளில் குளியலறைச் சுவரிலேயே அதை மாட்டியிருப்பார்கள். குளிர் வருகிறதென்று மேலே உள்ள காற்றுத் திறப்பை அட்டை வைத்து அடைத்திருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டுவது மிகப் பெரிய தவறு. அட்டையை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகும், கதவைத் திறந்து வைத்தே வாளியை நிரப்பி, கெய்சரை அணைத்து, அப்புறம் பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கள். குளிருக்குக் கரண்ட் ஹீட்டர் கேட்டு வாங்குங்கள், தனியாகக் காசு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். ஸ்விட்ச் சூடாகிறதா, பிளக் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துணி படாத இடத்தில் வைத்தால் சரி. அறை சூடானதும் அணைத்துவிட்டுப் படுங்கள்.

ராத்திரியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், ஒரு மாதிரி மயக்கம் என்றால் "மலை உயரம் ஒத்துக்கலை போல" என்று மாத்திரை போட்டுக்கொண்டு திரும்பப் படுத்துவிடாதீர்கள். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். ஊட்டியும் கொடைக்கானலும் அதற்குக் கீழே. இது அந்தக் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். வெளியே வந்ததும் கொஞ்சம் தெளிந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சுடுதண்ணியில் இன்னொரு விஷயம். விறகு பாய்லரிலிருந்து வாளியில் கொண்டுவந்து வைக்கும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். குளிரில் நடுங்கும் குழந்தை ஓடிவந்து கையை விட்டுவிடும். காலி வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் சுடுதண்ணீர். இந்த வரிசை மாறக் கூடாது. கெட்டிலை ஜன்னலோரம் வைத்து ஒயர் தொங்க விடுவதும் அதே ஆபத்துதான், குழந்தை பிடித்து இழுத்துவிடும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரம் ஆகும். ஆனால் குழந்தையின் தோலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கொதித்த தண்ணீரைக் குடிக்கத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், கிருமி சாக அந்தச் சூடு போதும்.

குரங்கு பற்றி எல்லோரும் சொல்வார்கள்: ஜன்னல் கொக்கியைப் போடுங்கள், பிஸ்கட் பாக்கெட் வெளியே தெரியக் கூடாது. அதைவிடக் காட்டெருமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கொடைக்கானலிலும் குன்னூரிலும் அது ஊருக்குள்ளேயே வந்து மேயும். ஓரமாகச் சாதுவாக நிற்பதைப் பார்த்து, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எடை ஆயிரம் கிலோவைத் தொடக்கூடிய மிருகம் அது. மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும் சிறுத்தையும் வேறு. சாப்பாட்டு மிச்சத்தை வாசலில் போட்டால் கரடி வாசனை பிடித்து வரும். இருட்டிய பிறகு பாத்ரூம் வெளியே இருக்கிற காட்டேஜ் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் உண்டு. விண்ணப்பத்தில் தங்கும் இடத்தையும் கேட்கும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வைத்திருப்பதால், எந்த அறை என்று முடிவானதும், முன்பணம் கட்டும் முன்னாலேயே பாஸைப் போட்டுவிடுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வழியிலேயே பிடுங்கிவிடுவார்கள், ஆகவே ஸ்டீல் பாட்டில். கொடைக்கானலில் அபராதமும் போடுகிறார்கள்.

மருந்துக் கடைகள் சீக்கிரமே மூடிவிடும் என்பதால் பாராசிட்டமால் சிரப், தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ்., டாக்டர் சொன்ன வாந்தி மருந்து எல்லாம் வீட்டிலிருந்தே வரட்டும். ஒரு டார்ச்சும் வேண்டும், காற்றடித்தால் கரண்ட் போகும். இறங்கும்போதும் வாந்தி வரலாம், அன்று காலை பூரியை விட்டுவிட்டு இட்லியோடு நிறுத்துங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்கள் பர்லியாறில் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளைப் பத்து நிமிஷம் நடக்க விடலாம். சீசனாக இருந்தால் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் கிடைக்கும். ஸ்வெட்டரை அங்கேயே கழற்றிவிடலாம், அங்கிருந்து கீழே இறங்க இறங்க வேர்க்கத் தொடங்கிவிடும்.